மலைக் கைவினைகள் வாழ்வது எங்கே?

கைவினைப் பொருளைக் காப்பாற்றுவது எளிது. கைவினையைக் காப்பாற்றுவதுதான் கடினம். பழைய பானை ஒன்றைப் பஞ்சில் பொதிந்து, கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டால் அது நூறாண்டு இருக்கும். ஆனால் அந்தப் பானையை வனைந்த கையும், எந்த மண்ணை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும் என்ற அறிவும், வனைந்ததை வாங்கிச் சோறாக்கிய வீடும் பேழைக்குள் அடங்குவதில்லை. அருங்காட்சியகங்களைக் கட்டியவர்களுக்கே இந்தக் குறை நன்றாகத் தெரிந்திருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘மரபுக் கிராமம்’ என்னும் ஏற்பாடு. வீட்டை வீடாகவே நிறுத்தி, அதன் திண்ணையில் தொழிலாளியை உட்கார வைத்து, பார்க்க வருகிறவர்கள் அவரோடு பேசவும் அவர் தொழிலைத் தொட்டுப் பழகவும் வழி செய்வதே அதன் நோக்கம்.

இதற்கு முதல் வழி காட்டியது சுவீடன் நாடு. அந்நாட்டில் ஆலைகள் பெருகி, கிராமத்துப் பழக்கங்கள் வேகமாக மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் ஊர் ஊராகச் சென்று பழைய மரவீடுகளை விலைக்கு வாங்கினார். அவற்றைப் பிரித்து ஸ்டாக்ஹோம் நகரத்துக் குன்று ஒன்றின்மேல் கொண்டுவந்து மறுபடி பூட்டினார். ஸ்கான்சென் என்ற பெயருடன் 1891-ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. இன்றுவரை உலகெங்கும் தோன்றியுள்ள திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கெல்லாம் அது தாய்வீடு எனலாம்.

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. புவனகிரியிலிருந்து கடலூர், புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால், மாமல்லபுரத்தைத் தாண்டியதும் சென்னைக்கு முன்பாகவே அதை அடைந்துவிடலாம். டெபோரா தியாகராஜன் அம்மையார் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதனை அமைத்தது. 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. கட்டட அமைப்பைத் திட்டமிட்டவர் லாரி பேக்கர். தென்னாட்டின் பல பகுதிகளில் இடிக்கப்படவிருந்த வீடுகளை வாங்கி, தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும், திருநெல்வேலிச் சீமை அக்கிரகார வீடும், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உள்ளன. கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்றும் உண்டு. அது 1850-ஐச் சேர்ந்தது. முழுக்க முழுக்க மரவேலை. நெல்லைக் காப்பதற்கென்றே வீட்டுக்குள் அறை வைத்துக் கட்டிய அந்தத் தச்சரின் திறமையை நம் மாணவியர் அவசியம் பார்க்க வேண்டும்.

மேற்கண்ட வீடுகள் பெரும்பாலும் ஊரும் தெருவுமாக வாழ்ந்த மக்களுடையவை. மலையில் வாழ்ந்தவர்களின் கைவினைகளையும் இவ்வாறு பெயர்த்துக் கொண்டுவந்து காக்க முடியுமா என்று கேட்டால், தயக்கத்துடனேதான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தேக்குத் தூணைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடலாம். புல்வெளியை ஏற்ற முடியாது. மலைக் கைவினைகளில் பெரும்பாலானவை ஒரு புல், ஒரு மண், ஒரு மரத்தின் பட்டை, ஒரு மந்தை எருமை ஆகியவற்றை நம்பியே இருக்கின்றன. நீலகிரியைப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

நீலகிரியின் உச்சிப் பகுதி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். அங்கே தோடர், கோத்தர், படகர் முதலியோரும் சரிவுகளில் குறும்பரும் இருளரும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இவர்களுக்குள் பணம் புழங்காத ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தனர். படகர் தானியம் விளைவித்துக் கொடுத்தனர். கோத்தர் இரும்புக் கருவி அடித்தனர், பானை வனைந்தனர், மரவேலை செய்தனர், பிறர் வீட்டுச் சாவுக்கு வந்து குழலும் கொம்பும் ஊதினர். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மூங்கிலும் கொண்டுவந்தனர். ஒருவர் கைத்தொழில் மற்றவருக்குத் தேவையாக இருந்தவரை எல்லாத் தொழிலும் வாழ்ந்தன. மலை இரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டியது. சாலைகளும் கடைத்தெருவும் வந்தன. 1930-களில் இந்தப் பழைய பரிமாற்றம் பெரும்பாலும் அறுந்துபோயிற்று என்று அக்காலத்தில் அங்கு ஆராய்ச்சி செய்த அறிஞர்கள் எழுதியுள்ளனர்.

தோடர்களைப் பற்றி வெளியுலகம் அறிந்த பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்று ஒரு குருவானவருடையது. மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்வதாக ஒரு பேச்சு மலையாளக் கரையில் உலவிற்று. அதை விசாரித்து வருமாறு ஆயர் ரோஸ் அனுப்ப, கோழிக்கோட்டிலிருந்த இயேசு சபைக் குரு ஜாக்கோமோ ஃபெனிச்சியோ 1603-இல் காடு கடந்து நீலகிரி ஏறினார். அவர் தேடிய கிறிஸ்தவர்கள் அங்கே இல்லை. எருமைகளோடு வாழும் தோடர்களைக் கண்டார். அவர்கள் பழக்கவழக்கங்களைக் கேட்டுக் கடிதமாக எழுதினார். விடைபெறும்போது அங்கிருந்த பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் கொடுத்ததாகவும், அவர்கள் மகிழ்ந்ததாகவும் அந்தக் கடிதம் கூறுகிறது. நூற்கண்டைக் கண்டு மகிழ்ந்த அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள்தான் இன்று உலகமே வியக்கும் பூத்தையலைச் செய்கிறார்கள். ஆகவே அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தோடர்கள் ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்ளும் கனத்த வெள்ளைத் துணிக்குப் பூத்துக்குளி என்று பெயர். இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து இரட்டைத் துணியாக்கிய போர்வை அது. அதன் ஓரங்களில் நெசவிலேயே சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகளை ஒட்டியும் அவற்றுக்கு இடையிலும் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் பூத்தையல் இடுகிறார்கள். சில வேளைகளில் நீலமும் சேர்வதுண்டு. வேறு நிறம் மரபில் இல்லை.

நம் தையல் வகுப்பில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கார்பன் தாளை வைத்துத் துணியில் படத்தைப் பதிக்கிறோம். பிறகு வட்டச் சட்டத்தில் துணியை இறுக்குகிறோம். பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று நூலை எடுத்து வைத்துக்கொண்டு, சகோதரி காட்டிய மாதிரியைப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறோம். தோடப் பெண்ணிடம் கார்பன் தாளும் சட்டமும் இல்லை, மாதிரிப் புத்தகமும் இல்லை. துணியின் பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணிக்கொண்டே ஊசியை நுழைக்கிறாள். இத்தனை இழை மேலே, இத்தனை இழை கீழே என்ற கணக்கு விரல்நுனியில் இருக்கிறது. ஓர் இழை தவறினாலும் கோலம் கோணிவிடும். கிராஸ் ஸ்டிச் போட்டுப் பழகிய மாணவியருக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். அதிலும் நாம் கட்டம் போட்ட துணியை அல்லவா பயன்படுத்துகிறோம்!

இன்னொரு விந்தையும் உண்டு. தையல் துணியின் பின்புறத்திலிருந்து இடப்படுகிறது. நூலை இழுக்கும்போது முழுவதும் இறுக்காமல் சற்றே தளர விடுவதால் சிறு சிறு கண்ணிகளாக நூல் மேலெழும்பி நிற்கும். தடவினால் புடைப்பாக, நெய்தது போலவே இருக்கும். பார்ப்பவர்கள் பலர் அதை நெசவு என்றே எண்ணிவிடுகிறார்கள். நாம் எந்தத் தையலையும் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் முடிச்சாக இருந்தால் குறை சொல்வோம். தோடர்களுக்கோ புடைப்பான அந்தப் பக்கம்தான் வெளிப்பக்கம்.

கோலங்கள் எல்லாம் மலையிலிருந்தே வந்தவை: எருமைக் கொம்பு, மலை முகடு, அணில், மயிலிறகு, பாம்பு, தேனடையின் அறைகள், முயல் காது, சூரியன், சந்திரன். நூலை எண்ணிப் போடுவதால் எதுவும் வளைந்து வராது. எல்லாம் கோணமும் கட்டமுமாகவே அமையும். தோட மொழிக்கு எழுத்து இல்லை. திராவிட மொழிகளில் ஒன்றான அதன் பாடல்களை அறிஞர் எமனோ திரட்டி 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். பெண்களின் கோலங்களோ தாயிடமிருந்து மகளுக்கு மடியில் வைத்தே கைமாறி வந்திருக்கின்றன. சிறுமி முதலில் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுப்பாள். பிறகு ஓரத்தில் எளிய வரி ஒன்றைப் போடுவாள். இப்படித்தான் படிப்பு நடக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. தோடர்கள் நெய்வதில்லை. அடித்துணி முழுவதும் சமவெளித் தறிகளில் நெய்து மலைக்குப் போவது. அதுவும் சற்றுப் பருமனான நூலில், இழைகளைக் கண்ணால் எண்ணும்படி நெய்த துணியாக இருக்க வேண்டும். நெருக்கமாக அடித்த மில் துணியில் எண்ணித் தைக்க முயன்றால் கண் கெட்டுவிடும். எனவே கீழே ஒரு தறி நின்றுவிட்டால் மேலே ஓர் ஊசி நின்றுவிடும். புவனகிரியில் பட்டுச் சேலை நெய்யும் குடும்பத்தில் பிறந்த மாணவியர் நம்மிடையே உண்டு. பாவு ஓட்டுவதும், நாடா தள்ளுவதும், அறுந்த இழையை முடிந்து சேர்ப்பதும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலைக் கைவினை என்று தனியாக ஒன்று இல்லை, அதில் பாதி சமவெளியின் கைவினை என்று சொன்னால் அவர்களே முதலில் ஒப்புவார்கள்.

பூத்துக்குளி வெறும் குளிருக்குப் போர்த்துவது என்று நினைக்கக் கூடாது. விழாவுக்கும் அதுவே உடை. இறந்தவரை மிகச் சிறந்த பூத்துக்குளியால் போர்த்தி வழியனுப்புவது தோடர் வழக்கம். பல வாரங்கள் கண்ணும் கையும் நோகத் தைத்த துணி இறந்தவரோடு போய்விடுகிறது. வீண் செலவு என்று வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லக்கூடும். ஆனால் இந்தக் கலை இத்தனை தலைமுறைகள் தேயாமல் வந்ததற்கு அந்த வழக்கமே பெருங்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பனைக்குச் செய்பவர் அவசரத்தில் இரண்டு வரி குறைத்துவிடலாம். தம் வீட்டுப் பெரியவரைப் போர்த்தும் துணியில் யார் குறைப்பார்?

இப்போது இத்தையல் சால்வையாகவும் பையாகவும் மேசை விரிப்பாகவும் விலைக்கு வருகிறது. தோடர் நலவாழ்வுச் சங்கமும், கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் நிறுவனமும், அரசின் பூம்புகார் நிறுவனமும் முயன்றதன் பயனாக 2013-இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் அல்லாதார் செய்த ஒன்றைத் தோடர் பூத்தையல் என்று பெயரிட்டு விற்பது சட்டப்படி குற்றம் என்பது இதன் பொருள். ஆயினும் இயந்திரத்தில் போட்ட போலிகளும் அதே கோலத்தை அச்சடித்த துணிகளும் கடைகளில் தொங்கத்தான் செய்கின்றன. வாரக்கணக்கில் எண்ணித் தைத்த சால்வையும் மணிக்கணக்கில் இயந்திரம் தள்ளிய சால்வையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், விலை குறைந்ததைத்தான் சுற்றுலாப் பயணி எடுக்கிறார். சட்டம் பெயரைக் காக்கும். கூலியைக் காப்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

பெண்கள் கையில் ஊசி என்றால், ஆண்கள் கையில் புல். தோடர் வாழும் சிற்றூருக்கு மந்து என்று பெயர். பழைய மந்துகளில் வீடு அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போல இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்து, முன்னும் பின்னும் கல்லோ பலகையோ வைத்து அடைத்துவிடுவார்கள். உயரம் சுமார் 10 அடி, நீளம் 18 அடி, அகலம் 9 அடி. வாயில் மூன்றடிதான், தவழ்ந்துதான் நுழைய வேண்டும். குளிரும் காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராமலிருக்க அப்படி அமைத்தார்கள். இன்று தோடர்கள் பெரும்பாலும் செங்கல் சிமெண்டு வீடுகளில் வசிக்கின்றனர். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய பால்கோயில்கள் இன்றும் பழைய முறையிலேயே மூங்கிலும் பிரம்பும் புல்லுமாக எழுப்பப்படுகின்றன. பீப்பாய் வடிவக் கோயில்கள் பல உண்டு. கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் கோயில்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. உதகை அருகே முத்தநாடு மந்தில் உள்ளது புகழ்பெற்றது.

இந்தக் கூரைக்கு எந்தப் புல்லும் உதவாது. உயர்ந்த மலையின் சதுப்புகளில் வளரும் ஒரு புல்தான் வேண்டும். தாவர நூலார் அதற்கு எரியோகிரைசிஸ் ரங்காச்சாரியை என்று பெயரிட்டிருக்கிறார்கள். நீண்டு, உறுதியாக, ஈரத்தில் எளிதில் மக்காமல் இருப்பது அதன் குணம். வெள்ளையர் காலம் முதலே நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் அந்த நடவு பெருமளவில் தொடர்ந்தது. தேயிலையும் காய்கறித் தோட்டமும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. சதுப்புகள் வடிக்கப்பட்டன. 1986-இல் நீலகிரி நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று ஒரு கோயிலுக்குக் கூரை மாற்ற வேண்டுமானால் புல் தேடி வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. வேயும் திறமை கையில் இருக்கிறது. வேய்வதற்குப் புல் இல்லை. இதற்கு அருங்காட்சியகம் என்ன செய்ய முடியும்? சதுப்பைக் காப்பவரும் சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பவரும்தான் இங்கே கைவினையைக் காப்பவர்கள்.

கோத்தரின் நிலை வேறு. ஏழு ஊர்களில் வாழும் இச்சிறு சமூகத்தில் ஆண்கள் கொல்லரும் தச்சரும் இசைவாணருமாக இருந்தனர். பானை வனைவது பெண்களின் வேலை. நம் சமவெளியில் குயவர் சக்கரத்தில் பெரும்பாலும் ஆண்களே உட்காருவார்கள் அல்லவா? அங்கே சக்கரத்தைச் சுழற்றி வனைபவர்கள் பெண்கள். கம்பட்டராயர் விழாக் காலத்தில் களிமண் எடுப்பதற்குச் செல்வதே ஒரு சடங்கு. அலுமினியப் பாத்திரமும் எவர்சில்வரும் வந்த பிறகு கோத்தர் பானையை வாங்குவாரில்லை. பட்டறை இரும்பு கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்தது. கோத்தரின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள், கல்லூரி படித்தார்கள், அரசு வேலைகளில் அமர்ந்தார்கள். பானை வனையும் பெண்கள் சிலரே இருக்கின்றனர். விழாவுக்கு மண் எடுக்கும் சடங்கு இருப்பதால் அந்தச் சிலராவது இருக்கிறார்கள்.

ஆலு குறும்பரின் ஓவியத்தையும் இங்கே ஒரு வரி சொல்லிவிடலாம். கீழ்க் கோத்தகிரிப் பக்கத்தில் வெள்ளரிக்கொம்பை என்னும் ஊரில், விழாவின்போது சுவரில் வரைந்த ஓவியங்கள் இப்போது தாளில் வரையப்படுகின்றன. வேங்கை மரத்துப் பிசின், மரப்பட்டை, இலைச்சாறு, மண் இவையே நிறங்கள். சுவரிலிருந்து தாளுக்கு வந்ததால் அந்த ஓவியம் மலையைவிட்டு இறங்கிப் பலர் வீட்டுக்கும் போக முடிந்தது.

இனி ஒரு சங்கடமான கேள்விக்கு வருவோம். உதகைக்கு அருகே முத்தோரைப் பாலாடாவில் 1983-இல் ஏற்பட்ட பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தில் தோடர், கோத்தர் முதலியோரின் வீடுகளை மாதிரியாக அமைத்திருக்கிறார்கள். பயணிகள் வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மாதிரி வீட்டில் யாரும் வாழ்வதில்லை. வாழும் மந்துக்குள் சென்றால், அங்கே இருப்பவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. “ஏன் சிமெண்டு வீடு கட்டிவிட்டீர்கள்? பழைய வீடு எவ்வளவு அழகு!” என்று கேட்கும் பயணி தாம் மூன்றடி வாயிலில் தவழத் தயாராக இருக்கிறாரா? கோத்தப் பெண் கல்லூரிக்குப் போகாமல் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தால் நமக்குப் பானை கிடைக்கும். அவளுக்கு என்ன கிடைக்கும்? கைவினையைக் காக்கிறோம் என்று சொல்லி ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் இதைச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

அப்படியானால் இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லையா? ஜப்பானில் ஒரு மலையூர் அதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஷிரகாவா பள்ளத்தாக்கில் ஓகிமாச்சி என்ற சிற்றூர். ஆளுயரத்துக்கும் மேல் பனி பெய்யும் இடம். பனி தங்காமல் சரிந்து விழும்படி கூரைகளைச் செங்குத்தாக, இரு கைகளையும் சேர்த்துக் குவித்தது போல அமைத்திருக்கிறார்கள். வீட்டின் பெயரே ‘கைகூப்பிய அமைப்பு’ என்ற பொருள் தருவது. கூரைச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றாலும் கொடியைப் போல வளையும் இளங்கிளைகளாலும் கட்டியே நிறுத்துகிறார்கள். கூரைக்குக் கீழே இரண்டு மூன்று அடுக்குப் பரண்கள். அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள் என்பது புவனகிரியார் மகிழும் செய்தி.

புல் கூரையை 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. யுய் என்று அவர்களிடம் ஒரு முறை உண்டு. நூறு, இருநூறு பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒரு வீட்டுக் கூரையை வேய்ந்துவிடுவார்கள்; இன்று உன் வீடு, நாளை என் வீடு. நம் கிராமங்களில் நடவுக்குக் கைமாற்று ஆள் போவதை இதனோடு ஒப்பிடலாம். 1971-இல் அவ்வூரார் கூடி, ‘விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை’ என்று தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டனர். யுனெஸ்கோ 1995-இல்தான் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஊரார் முடிவு செய்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் வந்து சேர்ந்தது. அவ்வூரில் வாழ்பவர்கள் மின்விளக்கில் வாழ்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இப்போது பட்டுப்புழு இல்லை. பயணிகளுக்கு அறை தருகிறார்கள். கூட்டம் மிகுந்து அதுவும் ஒரு தொல்லையாகி, வண்டிகளை ஊருக்குள் விடாமல் தடுக்கவேண்டிய நிலை வந்தது. ஆகவே அது குறையற்ற ஊர் என்று சொல்ல வரவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை ஊராரே தீர்மானித்தார்கள் என்பதே அதிலுள்ள வேறுபாடு.

தோடப் பெண்களும் ஒருவகையில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வீட்டை மாற்றினார்கள், ஊசியை விடவில்லை. பூத்தையலுக்குப் பட்டறை வேண்டாம், சூளை வேண்டாம். புல்தரையில் நாலுபேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யலாம். பள்ளி முடிந்து வந்த மகளும் உடன் அமரலாம். படிப்போடு ஒத்துப்போகிறது என்பதால்தான் கோத்தர் சக்கரத்தைவிட தோடர் ஊசி வலுவாக நிற்கிறது என்பது என் எண்ணம். இத்தனைக்கும் தோடர்களின் தொகையே சுமார் 2,000 பேர்தான். அதில் தைப்பவர் எத்தனை பேர் இருக்க முடியும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்; நம் பள்ளிக் காலைக் கூட்டத்தில் நிற்கும் எண்ணிக்கைதான் வரும். உலகத்தில் இந்தத் தையலை அறிந்தவர்கள் அவ்வளவு பேர்தான்.

தட்சிணசித்ராவைப் போன்ற மரபுக் கிராமம் இவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. இத்தகைய இடங்களில் மலையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கலைஞர்களை அழைத்து, சில நாள்கள் தங்க வைத்து, தொழிலைச் செய்துகாட்டவும் இடைத்தரகர் இன்றி விற்கவும் செய்ய முடியும். ஒரு மாணவி அரைமணி நேரம் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்து, வனைந்தது சரிந்து விழுந்தால், அடுத்த முறை பானைக்கு விலை பேச அவளுக்கு வாய் வராது. இந்தப் பயிற்சியைப் பேழை தராது. ஆனால் மலைக்கைவினைக்கு மரபுக் கிராமம் திண்ணையைப் போன்றது, வீடு மலையில்தான்.

நம் பள்ளியிலிருந்து உதகைக்கோ முட்டுக்காட்டுக்கோ கல்விச் சுற்றுலா செல்லும் மாணவியருக்குச் சில செய்திகள். தோடர் சால்வை என்று சொல்லி யாரேனும் கையில் தந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். கோலம் இரு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் மழமழப்பாகவும் மறுபக்கம் புடைப்பாகவும் இருக்கும். பின்னால் காகிதமோ வலைத்துணியோ ஒட்டியிருந்தால் அது இயந்திரம். அச்சடித்ததாக இருந்தால் விரலால் தடவிய உடனே தெரிந்துவிடும். கோலத்தின் இரு முனைகளையும் ஒப்பிட்டால் கைத்தையலில் எங்கேனும் நூல் மாற்றிய இடம் கண்ணில் படும். அடித்துணியின் இழைகளை ஓர் அங்குல அளவுக்கு எண்ணிப் பாருங்கள். எண்ண முடிகிறதா என்பதே பெரிய சோதனை. தைத்தவரே எதிரில் இருந்தால் இந்தக் கோலத்துக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேளுங்கள். மந்துக்குள் போக நேர்ந்தால் பால்கோயிலுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. அங்கே பெண்களுக்கு மட்டுமன்று, வெளியார் யாவருக்குமே எல்லை உண்டு. படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். விலை கூடுதல் என்று பட்டால், எத்தனை நாள் வேலை என்று கேட்டு, அந்த நாள்களுக்குப் புவனகிரியில் ஒரு நெசவாளருக்கு என்ன கூலி கிடைக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.